ஏரேஷன் டேங்கில் நைட்ரஸ் ஆக்சைடு: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழிமுறை

அனாக்சிக் டேங்க் (காற்றில்லாமல் கலக்குவது), ஏரேஷன் டேங்க் (காற்று ஊதுவது) என்று வரிசையாக உள்ள கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தையோ, இந்தக் கட்டங்கள் ஒரே டேங்கில் மாறி மாறி நடக்கும் எஸ்.பி.ஆர். நிலையத்தையோ தினமும் ஓட்டுகிறவர்களுக்காக எழுதியது இது. பி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமக் கழிவின் அளவுகோல்) இறங்கினால் போதும் என்றிருந்தவரை, பூமியைச் சூடேற்றும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மி.கி. என்ற வரம்பைச் சொன்ன பிறகு, பல டெண்டர்களில் நைட்ரஜன் நீக்கமும் கட்டாயமாகிவிட்டது. நைட்ரஜனை நீக்கும் எந்த நிலையத்திலும் நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சமாவது வரும். எவ்வளவு வருகிறது என்பது பெரும்பாலும் ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். 10 எம்.எல்.டி. (நாளுக்கு ஒரு கோடி லிட்டர்) நிலையம், உள்ளே வரும் நீரில் லிட்டருக்கு 40 மி.கி. நைட்ரஜன் என்று வையுங்கள். நாளுக்கு 400 கிலோ. ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் காலநிலைக் குழு) 2019இல் திருத்திய வழிகாட்டியின் பொது விகிதம் 1.6 சதவீதம், அதாவது 6.4 கிலோ நைட்ரஜன் நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது. 44/28ஆல் பெருக்கினால் வாயுவின் எடை 10 கிலோ. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு சூடேற்றும். ஆக கார்பன் டை ஆக்சைடு கணக்கில் நாளுக்கு 2.7 டன், ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 டன். அதே நிலையம் நாளுக்கு 4,000 யூனிட் மின்சாரம் எடுத்தால், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று நம் கிரிட்டுக்குப் போட்டாலும் 2.8 டன்தான் வரும். ப்ளோயர் (காற்று ஊதும் இயந்திரம்) எடுக்கும் மின்சாரத்தைக் குறைக்கத் தலைகீழாக நிற்கிறோம். அதே அளவு இன்னொரு கணக்கு டேங்கின் மேல்மட்டத்திலிருந்து மீட்டர் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த 1.6 வெறும் சராசரி. அதே வழிகாட்டி கொடுக்கும் வீச்சு 0.016இலிருந்து 4.5 சதவீதம் வரை. ஒரே வடிவமைப்பில் கட்டிய இரண்டு நிலையங்கள் இந்த வீச்சின் இரு முனைகளிலும் இருக்கலாம். ஒரே நிலையம் ஜனவரியில் ஒரு மாதிரியும் ஏப்ரலில் வேறு மாதிரியும் இருக்கலாம்.

வாயு எப்படி உருவாகிறது

மூன்று வழிகள். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா வேகமாக ஓடும்போது, இடையில் வரும் ஹைட்ராக்சிலமைனிலிருந்து கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு கசியும். அதே பாக்டீரியா ஆக்சிஜன் போதாமல் திணறும்போது, பக்கத்தில் நைட்ரைட் இருந்தால் அதையே ஒடுக்கி நைட்ரஸ் ஆக்சைடாக்கும். மூன்றாவது டீநைட்ரிஃபிகேஷன், அதாவது காற்றில்லாத இடத்தில் பாக்டீரியா நைட்ரேட்டைப் படிப்படியாக ஒடுக்குவது: நைட்ரேட், நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, கடைசியில் நைட்ரஜன் வாயு. இந்தக் கடைசிப் படியைச் செய்யும் என்சைம் நோஞ்சான். ஆக்சிஜன் பட்டால் முடங்கும், பி.எச். இறங்கினால் முடங்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்தால் முடங்கும். அது முடங்கினால் முந்தைய படியிலேயே சரக்கு தேங்கும்.

மூன்றில் இரண்டு வழிகளுக்கு நைட்ரைட் நேரடிக் கச்சாப்பொருள். முதல் வழி ஓடும்போதும் நைட்ரைட் அடிக்கடி கூடவே நிற்கும். ஆகவே இந்த வழிமுறையில் திரும்பத் திரும்ப நைட்ரைட் அளவைத்தான் கேட்பேன். லட்சக்கணக்கில் விலையுள்ள சென்சார் இல்லாத நிலையத்திலும் நைட்ரைட் டெஸ்ட் கிட் வாங்கிவிட முடியும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். நைட்ரஸ் ஆக்சைடு தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆக்சிஜனைவிட ஏறத்தாழ இருபது மடங்கு. அதனால் அது பிறந்த இடத்திலேயே வெளியேற வேண்டும் என்பதில்லை. அனாக்சிக் டேங்கில் பிறந்து, கரைந்தபடியே நகர்ந்து, ஏரேஷன் டேங்கின் முதல் டிஃப்யூசர் (காற்றைக் குமிழியாக விடும் அமைப்பு) வரிசையில் குமிழியோடு மேலே வரும். இதைக் கவனிக்காமல் ஏரேஷன் டேங்கின் டி.ஓ.வை (நீரில் கரைந்த ஆக்சிஜனை) மட்டும் மாற்றிக்கொண்டிருக்கும் நிலையங்கள் நிறைய.

தொடங்குமுன்

ஒரு முழு நாளுக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அனாக்சிக் முடிவிலும் ஏரேஷன் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், டி.ஓ., பி.எச். எடுங்கள். மாதிரியை எடுத்த உடனே வடிகட்டுங்கள். வடிகட்டாமல் லேபுக்கு அனுப்பினால் பாட்டிலுக்குள்ளேயே பாக்டீரியா வேலையை முடித்துவிடும். நைட்ரைட் பூச்சியம் என்று அறிக்கை வரும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். காலை 10 மணிக்கு எடுத்த ஒற்றை மாதிரியை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

வாயுவையே அளக்க வசதி இருந்தால் இரண்டு முறைகள். தண்ணீருக்குள் வைக்கும் கிளார்க் வகை மின்முனை. டென்மார்க்கின் யூனிசென்ஸ் தயாரிப்பதுதான் அதிகம் புழங்குகிறது. அல்லது மிதக்கும் ஹூட் வைத்து, வெளிவரும் காற்றை அகச்சிவப்பு அனலைசருக்குக் கொண்டுபோவது. இரண்டாவதற்குக் கருவி மிகத் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன 10 எம்.எல்.டி. நிலையம் மணிக்கு 3,000 கனமீட்டர் காற்று ஊதினால், 10 கிலோ வாயு என்பது டேங்கிலிருந்து வெளிவரும் காற்றில் 70, 80 பி.பி.எம். அளவுக்கு வரும். சாதாரணக் காற்றில் இருப்பது 0.34 பி.பி.எம்.தான்.

ஹூட் வைக்கப் போகிறவர் கயிறு கட்டாமல் போகக் கூடாது. காற்றுக் குமிழி நிறைந்த டேங்கில் நீரின் அடர்த்தி குறைந்திருக்கும். நீச்சல் தெரிந்தவரும் மிதக்கமாட்டார், லைஃப் ஜாக்கெட்டையும் முழுதாக நம்ப முடியாது.

அறிகுறி: எவ்வளவு குளோரின் போட்டாலும் மிச்சம் நிற்கவில்லை

வாயு சென்சார் இல்லாத நிலையத்துக்கு இதுதான் முதல் மணி. குளோரின் டோசிங் வழக்கம்போல ஓடுகிறது, குளோரின் டேங்கின் கடைசியில் மிச்சக் குளோரின் பூச்சியம். ஆபரேட்டர் ஹைப்போ (குளோரின் கரைசல்) தரம் சரியில்லை என்பார், சப்ளையரைக் கூப்பிடுவார். அதற்கு முன் வெளிநீரில் (சுத்திகரித்து வெளியே விடும் நீரில்) நைட்ரைட் பாருங்கள். 1 மி.கி. நைட்ரைட் நைட்ரஜன் ஏறத்தாழ 5 மி.கி. குளோரினை விழுங்கும். லிட்டருக்கு 2 மி.கி. நைட்ரைட் இருந்தால், 10 மி.கி. குளோரின் கிருமியைத் தொடுவதற்கு முன்பே காலி.

நைட்ரைட் 0.5க்கு மேல் இருந்தால் நைட்ரஸ் ஆக்சைடும் கூடவே வருகிறது என்று எடுத்துக்கொண்டு தேடத் தொடங்கலாம். இது சட்டமல்ல, வேலைக்கான எச்சரிக்கைக் கோடு. அடுத்து பார்க்க வேண்டியது அந்த நைட்ரைட் எங்கே உயர்கிறது என்பது.

ஏரேஷன் டேங்கின் நடுவில் உயர்ந்து, அங்கே டி.ஓ. 0.3, 0.5 என்று கிடந்தால், காற்று போதவில்லை. நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவுக்கு, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவைவிடப் பொதுவாக அதிக ஆக்சிஜன் வேண்டும். டி.ஓ. குறையும்போது முதல் ஆள் எப்படியோ வேலையை ஓட்டிவிடுகிறார், இரண்டாம் ஆள் பின்தங்குகிறார். ப்ளோயரை ஏற்றுவதற்கு முன் டிஃப்யூசரைப் பாருங்கள். மேல்பரப்பில் ஓரிடம் கொதிப்பதுபோலப் பெரிய குமிழி, பக்கத்தில் அசைவே இல்லை என்றால், மெம்பரேன் கிழிந்திருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது. ஹெடர் (காற்றுக் குழாய்) அழுத்தம் மெல்ல மெல்ல ஏறி வந்திருந்தால் அடைப்புதான். அடைத்த டிஃப்யூசரோடு ப்ளோயர் வேகத்தைக் கூட்டினால் கரண்ட் பில் ஏறும், டி.ஓ. ஏறாது.

டி.ஓ. நன்றாக, 2க்கு மேல் இருந்தும் நைட்ரைட் நின்றால் ஸ்லட்ஜ் ஏஜ் (பாக்டீரியா நிறைந்த சேறு நிலையத்தில் தங்கும் நாட்கள்) பக்கம் போங்கள். அது தனியாகக் கீழே வருகிறது.

மின்சாரம் மிச்சம் என்று ஆலோசகர் சொல்லி டி.ஓ. செட்பாயின்டை 2இலிருந்து 0.8க்கு இறக்கிய நிலையங்களில் இந்த அறிகுறி நிறைய வரும். குறைந்த டி.ஓ.வில் ஓட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நீண்ட ஸ்லட்ஜ் ஏஜோடு, பாக்டீரியாவுக்குப் பழக நேரம் கொடுத்து, நைட்ரைட்டைக் கண்காணித்தபடி இறக்கினால் நன்றாகவே ஓடும். ஒரே நாளில் பேனலில் எண்ணை மாற்றிவிட்டு, மின் யூனிட்டை மட்டும் பார்ப்பதுதான் ஆபத்து. மேலே போட்ட கணக்கின்படி, காற்றில் 15 சதவீதம் மிச்சம் பிடித்து, வாயுவை 1.6இலிருந்து 2.5 சதவீதத்துக்கு விட்டால், சூழலுக்கு நஷ்டம்தான்.

அறிகுறி: ஏரேஷனின் முதல் பகுதியில் மட்டும் வாயு கொட்டுகிறது, பிறகு அடங்கிவிடுகிறது

ஹூட்டை டேங்கின் நீளவாக்கில் நகர்த்தினால் தெரியும்: முதல் சில மீட்டரில் உச்சம், பிறகு சரிவு. அங்கே டி.ஓ. சரி, நைட்ரைட்டும் பெரிதாக இல்லை. இது ஏரேஷனின் தவறே அல்ல. வாயு அனாக்சிக்கில் பிறந்து வந்திருக்கிறது. சென்சாரை அனாக்சிக் கடைசியில் இறக்கிப் பாருங்கள். கரைந்த நைட்ரஸ் ஆக்சைடு லிட்டருக்கு 0.1 மி.கி. இருந்தாலே, காற்றோடு சமநிலையில் இருக்க வேண்டிய அளவைப்போல 250 மடங்குக்கு மேல்.

ஏன் அங்கே தேங்கியது? மூன்று சந்தேகங்கள், இந்த வரிசையில்.

முதலாவது, உள்சுழற்சி வழியாக வரும் ஆக்சிஜன். ஏரேஷன் கடைசியிலிருந்து அனாக்சிக்குக்குத் திருப்பும் நீரின் டி.ஓ.வை அளந்திருக்கிறீர்களா? பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை, டி.ஓ. மீட்டர் டேங்கின் நடுவில்தான் இருக்கும். சுழற்சி 300 சதவீதம், அதில் டி.ஓ. 3 என்றால், வரும் ஒவ்வொரு லிட்டர் கழிவுநீருக்கும் 9 மி.கி. ஆக்சிஜன் அனாக்சிக்குக்குள் போகிறது. 3 மி.கி. நைட்ரேட் நைட்ரஜனைக் குறைத்திருக்க வேண்டிய உணவை அது தின்றுவிடும். போதாததற்குக் கடைசிப் படி என்சைமையும் முடக்கும். தீர்வு: சுழற்சி எடுக்கும் இடத்துக்கு முன்பான கடைசி டிஃப்யூசர் வரிசையின் வால்வைக் குறையுங்கள். ஸ்லட்ஜ் அடியில் தங்காமல் கலக்கும் அளவு காற்று இருந்தால் போதும். பெரிய செலவில்லாமல் பெரிய பலன் தரும் வேலை இந்த வழிமுறையில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, கார்பன் பற்றாக்குறை. டீநைட்ரிஃபிகேஷன் செய்யும் பாக்டீரியாவுக்கு உணவு குறைந்தால், நான்கு படிகளும் ஒரே அளவில் மெதுவாவதில்லை. எலக்ட்ரானுக்கான போட்டியில் கடைசிப் படி தோற்கும். உள்ளே வரும் சி.ஓ.டி. (பாக்டீரியாவுக்கு உணவாகும் கரிமப் பொருளின் அளவுகோல்), நைட்ரஜன் விகிதம் 4, 5 என்று இறங்கியிருந்தால் சந்தேகப்படலாம். ப்ரைமரி கிளாரிஃபையர் (தொடக்கத்தில் திடப்பொருளைப் படியவிடும் தொட்டி) அளவுக்கு மிஞ்சி நன்றாக வேலை செய்யும் நிலையங்களில் இது சகஜம். சி.ஓ.டி.யை டைஜெஸ்டருக்கு (ஸ்லட்ஜைச் செரித்து உயிர்வாயு எடுக்கும் தொட்டிக்கு) அனுப்பிவிட்டு, அனாக்சிக்கைப் பட்டினி போடுகிறோம். வெளியிலிருந்து கார்பன் வாங்குவதற்கு முன், ப்ரைமரியில் ஒன்றை நிறுத்திப் பாருங்கள், அல்லது ஒரு பங்கு நீரை நேராக அனாக்சிக்குக்கு விடுங்கள். வெளிக் கார்பன்தான் வேண்டுமென்றால், அசிட்டேட் அன்றே வேலை செய்யும். மெத்தனாலுக்கென்று தனிப் பாக்டீரியா வளர வாரக்கணக்கில் ஆகும், அதோடு உரிமம், தீப்பாதுகாப்பு என்று தலைவலி. மொலாசஸ் மலிவு. ஆனால் நிறமும் சி.ஓ.டி.யும் வெளிநீரில் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எதைப் போட்டாலும் நைட்ரேட் வருகிற நேரத்துக்கு ஏற்பப் போடுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே சொட்டு என்பது பகலில் பட்டினி, இரவில் விரயம்.

மூன்றாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. நீண்ட பம்பிங் மெயின் வழியாக அழுகி வரும் கழிவுநீர், அல்லது சல்ஃபேட் அதிகமுள்ள தோல், சாயத் தொழில் நீர் கலக்கும் இடம் என்றால் பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் இன்லெட்டிலேயே சொல்லிவிடும். இன்லெட்டில் முன்காற்று ஊதினால் சல்ஃபைடு போகும், கூடவே கார்பனும் போகும். அதனால் இரும்பு உப்பு டோசிங் மேல்.

செகண்டரி கிளாரிஃபையரில் ஸ்லட்ஜ் கட்டி கட்டியாக மேலே மிதந்து வந்தால், அதுவும் இதே குடும்பம். அனாக்சிக் முடிக்காத நைட்ரேட்டைக் கிளாரிஃபையர் அடியில் ஸ்லட்ஜ் முடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குமிழி பெரும்பாலும் நைட்ரஜன்தான், பதற வேண்டாம். ஆர்.ஏ.எஸ். பம்பை (கிளாரிஃபையர் அடியிலிருந்து ஸ்லட்ஜைத் திருப்பும் பம்பை) கொஞ்சம் ஏற்றிவிட்டு அனாக்சிக்கைப் பாருங்கள்.

அறிகுறி: அம்மோனியா உச்சத்தோடு வாயு உச்சமும் ஏறி இறங்குகிறது, நைட்ரைட் குறைவு, டி.ஓ.வும் நன்று

எல்லாம் சரியாக இருந்தும் வரும் வாயு. காலை எட்டிலிருந்து பதினொன்று வரை ஊர் குளித்த நீர் வந்து சேரும், அம்மோனியா ஏறும், ப்ளோயர் கன்ட்ரோல் விழித்துக்கொண்டு காற்றை அள்ளி ஊதும், டி.ஓ. 2ஐத் தாண்டி 4க்குப் போய்த் திரும்பும். அந்த ஒரு மணி நேரத்தில் அம்மோனியா ஆக்சிஜனேற்றம் முழு வேகத்தில் ஓடுகிறது. முதலில் சொன்ன ஹைட்ராக்சிலமைன் வழி இதுதான். இங்கே டி.ஓ.வை இன்னும் ஏற்றினால் நிலைமை மோசமாகும். முதல் அறிகுறிக்கு மருந்தான காற்று இங்கே விஷம். காரணம் தெரியாமல் டி.ஓ.வைத் தொட வேண்டாம் என்பது இதற்காகத்தான்.

செய்ய வேண்டியது உச்சத்தைத் தட்டையாக்குவது. ஈக்வலைசேஷன் டேங்க் (வரும் நீரைத் தேக்கிச் சீராக அனுப்பும் தொட்டி) இருந்தால் அதை உண்மையில் பயன்படுத்துங்கள். பல இடங்களில் அது எப்போதும் நிரம்பியே கிடக்கும், வருவது அப்படியே போகும். விடியற்காலைக்குள் மட்டத்தை இறக்கி வைத்தால்தான் காலை உச்சத்தை வாங்க இடமிருக்கும். டேங்க் வரிசையாக இருந்தால் இன்லெட்டை இரண்டு மூன்று இடத்தில் பிரித்து விடலாம். கன்ட்ரோலில், ப்ளோயர் ஏறும் வேகத்துக்கு ஒரு வரம்பு, டி.ஓ.வுக்கு ஓர் உச்ச வரம்பு. அம்மோனியா சென்சாரை வைத்துக் காற்றைக் கட்டுப்படுத்தும் முறை இங்கே நன்றாக உதவும். அந்தச் சென்சாரை வாரம் ஒருமுறை துடைக்க ஆள் இருந்தால் மட்டும்.

அறிகுறி: டீவாட்டரிங் (ஸ்லட்ஜிலிருந்து நீரைப் பிழிவது) ஓடும் நாட்களில் மட்டும் உயர்வு

டைஜெஸ்டர் உள்ள நிலையங்களுக்கு இது. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு போன்ற பெரிய நிலையங்களில் ஸ்லட்ஜிலிருந்து உயிர்வாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் டைஜெஸ்டருக்குப் பிறகு சென்ட்ரிஃப்யூஜ் பிழிந்து தரும் நீரில் பொதுவாக லிட்டருக்கு 500இலிருந்து 1,500 மி.கி. வரை அம்மோனியா இருக்கும். மொத்த நைட்ரஜன் சுமையில் 15, 20 சதவீதம் இதிலேயே வரலாம். மேலே சொன்ன நிலையத்தில் 60 கிலோ என்று வையுங்கள். பகல் ஷிஃப்டில் எட்டு மணி நேரம் மட்டும் சென்ட்ரிஃப்யூஜ் ஓடினால் மணிக்கு 7.5 கிலோ, மற்ற வழியாக வருவது சராசரியாக மணிக்கு 14 கிலோ. காலை உச்சத்தின் தலையில் இன்னொரு பாதி உச்சத்தைத் தூக்கி வைக்கிறோம். கார்பனும் அதில் கிடையாது.

ஒரு சாதாரணத் தொட்டி, ஒரு சிறிய பம்ப், ஒரு டைமர் போதும். பகலில் சேர்த்து இரவு பதினொன்றிலிருந்து விடியற்காலை ஐந்துவரை மெதுவாக விடுங்கள். ஷிஃப்ட் பொறியாளர் இரவில் இன்னொரு பம்பா என்று முகம் சுளிப்பார். மறு வாரம் அம்மோனியா கிராஃபைக் காட்டுங்கள்.

அந்த நீருக்கென்று தனியாக நைட்ரைட்டேஷன் (அம்மோனியாவை நைட்ரைட்டோடு நிறுத்துவது), அனமாக்ஸ் (அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சேர்த்து நைட்ரஜனாக்குவது) ரியாக்டர் வைக்கும் யோசனை வந்தால் ஒரு எச்சரிக்கை. காற்றும் கார்பனும் மிச்சம் என்பது உண்மை. ஆனால் அந்த முறையே நைட்ரைட்டைத் தேக்கி வைத்து ஓடுவது. ராட்டர்டாமின் டோக்ஹாவன் நிலையத்தில் 2008இல் வெளியான அளவீட்டின்படி, இரண்டு ரியாக்டரும் சேர்ந்து அவற்றுக்கு வந்த நைட்ரஜனில் சுமார் 2.3 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போனது. அதில் பெரும்பங்கு நைட்ரைட்டேஷன் ரியாக்டரிலிருந்து. வாங்கும்போதே வாயு அளவீட்டையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அறிகுறி: பி.எச். 6.8க்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது

பி.எச். இறங்கினால் டீநைட்ரிஃபிகேஷனின் கடைசிப் படி முடங்கும் என்று மேலே பார்த்தோம். 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜனை ஆக்சிஜனேற்ற 7.14 மி.கி. அல்கலினிட்டி (பி.எச். இறங்காமல் தாங்கும் காரத்தன்மை) செலவாகும், டீநைட்ரிஃபிகேஷன் பாதியைத் திருப்பித் தரும். 35 மி.கி. அம்மோனியாவுக்கு 250 மி.கி. அல்கலினிட்டி போகும். பாலாற்று ஓரத்து போர்வெல் தண்ணீர் குடிக்கும் ஊரில் அல்கலினிட்டிக்குப் பஞ்சமில்லை, ஆர்.ஓ. தண்ணீரும் மழைநீரும் புழங்கும் அடுக்குமாடி வளாகத்தில் பஞ்சம்தான். வெளிநீரில் 80, 100 மி.கி. மிஞ்சவில்லை என்றால் சோடியம் பைகார்பனேட்டோ சோடா சாம்பலோ போடுங்கள். சுண்ணாம்பு மலிவு, ஆனால் டிஃப்யூசரில் படியும். அதற்கு முன் அனாக்சிக் உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அது செய்தால் பாதி அல்கலினிட்டி இலவசம்.

அறிகுறி: வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உயர்ந்தே நிற்கிறது

நாள் உச்சம் என்றில்லை. அடிமட்டமே ஏறியிருக்கிறது, கூடவே நைட்ரைட்டும். நெதர்லாந்தின் க்ராலிங்ஸெவேர் நிலையம் மூடியிட்டது என்பதால், 2010 அக்டோபரிலிருந்து 2012 ஜனவரி வரை தொடர்ந்து அளக்க முடிந்தது. உள்ளே வந்த நைட்ரஜனில் 2.8 சதவீதம் வெளியேறியிருந்தது; நிலையத்தின் மொத்தக் கார்பன் கணக்கில் முக்கால் பங்கு இந்த ஒரே வாயு. ஹெல்சிங்கியில் பாறைக்குள் குடைந்து கட்டிய வீக்கின்மேக்கி நிலையத்தில், புகைபோக்கி வழியாக வருவதை அளந்தபோது 1.9 சதவீதம். இப்படி நீண்ட காலம் அளந்தவர்கள் எல்லாரும் சொல்வது, உச்சம் சில மாதங்களில் குவிகிறது என்று. சுவிட்சர்லாந்தின் ஈவாக் நீர் ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் வரும் உச்சத்தைப் பின்தொடர்ந்தபோது, நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா அப்போது குறைந்துபோவதைக் கண்டார்கள்.

நம் ஊரில் குளிர் இல்லை. ஆனால் அதே பாக்டீரியாவை இழக்க வேறு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று வடகிழக்குப் பருவமழை. சாக்கடையில் மழைநீர் புகுந்து இரண்டு மூன்று மடங்கு நீர் வந்தால், கிளாரிஃபையரிலிருந்து ஸ்லட்ஜ் வழிந்தோடும். மழை விட்டதும் அம்மோனியாவைத் தின்பவை முதலில் தேறும், நைட்ரைட்டைத் தின்பவை பின்னால் வரும். இடைப்பட்ட காலம் முழுக்க நைட்ரைட். அக்டோபர் தொடக்கத்திலேயே ஒரு டேங்கையாவது ஸ்டெப் ஃபீடுக்கு (நீரைப் பல இடங்களில் பிரித்து விடும் முறைக்கு) மாற்றத் தயார் செய்யுங்கள். வெள்ளம் வரும்போது நீரைக் கடைசிப் பகுதியில் விட்டால், முன்பகுதியில் இருக்கும் ஸ்லட்ஜ் தப்பும். மழைக்குப் பிறகு சில வாரம் வேஸ்டிங்கை (உபரி ஸ்லட்ஜை வெளியேற்றுவதை) நிறுத்தி வையுங்கள்.

இன்னொன்று, வெயில் காலத்தில் ஸ்லட்ஜை அதிகம் வெளியேற்றுவது. 30 டிகிரி தண்ணீரில் அம்மோனியாவைத் தின்பவை, நைட்ரைட்டைத் தின்பவற்றைவிட வேகமாக வளரும். நெதர்லாந்தில் ஷாரன் முறை 35 டிகிரி, ஒரு நாள் அளவிலான ஸ்லட்ஜ் ஏஜ் என்று வேண்டுமென்றே இதைப் பயன்படுத்தி நைட்ரைட்டில் நிறுத்துகிறது. நாம் வேண்டாமலே அந்தத் திசையில் போய்விடக்கூடும். எஸ்.வி.30 (அரை மணி நேரத்தில் படியும் ஸ்லட்ஜின் அளவு) ஏறிவிட்டது என்று வேஸ்டிங் பம்பைக் கூடுதல் நேரம் ஓட்டும் பழக்கம்தான் இதற்குக் காரணம். ஸ்லட்ஜ் ஏஜைக் கணக்குப் போடுங்கள்: டேங்கிலுள்ள மொத்த எம்.எல்.எஸ்.எஸ். (நீரில் மிதக்கும் ஸ்லட்ஜ் திடப்பொருள்) எத்தனை கிலோவோ, அதை நாளொன்றுக்கு வெளியேறும் திடப்பொருளின் கிலோவால் வகுத்தால் கிடைக்கும் நாட்கள். உயர்த்த வேண்டுமானால் வேஸ்டிங்கைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். கிளாரிஃபையர் தாங்குகிறதா என்று பார்த்தபடி, வாரத்துக்கு ஒரு மாற்றம். அதற்கு மேல் வேண்டாம்.

எஸ்.பி.ஆர். என்றால்

மேலே சொன்னவை எல்லாம் பொருந்தும், ஆனால் இடத்துக்குப் பதில் நேரம். காற்று தொடங்கிய முதல் பத்து இருபது நிமிடத்தில் உச்சம் வந்தால், முந்தைய கலக்கும் கட்டத்தில் பிறந்த வாயு வெளியேறுகிறது என்று பொருள். கலக்கும் கட்டத்தை நீட்டுங்கள்: நைட்ரேட் தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் காற்றில்லாமல் கலக்கினால், தேங்கிய நைட்ரஸ் ஆக்சைடையே பாக்டீரியா நைட்ரஜனாக்கிவிடும். இந்த நிலையங்களில் மிக்சர் பழுதாகி, காற்றாலேயே கலக்குகிறோம் என்று சமாளிப்பது வழக்கம். அப்படிச் செய்தால் இந்த வாய்ப்பே இல்லை. முழுக் கழிவுநீரையும் ஒரே மூச்சில் நிரப்பாமல் இரண்டு மூன்று முறை பிரித்து நிரப்பிக் காற்று விடுவதும் உதவும்.

அறிகுறி: சென்சார் காட்டுவது நம்பும்படி இல்லை

கரைந்த வாயுவை அளக்கும் மின்முனை, வெப்பநிலைக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் ஏமாறும். மதியம் தண்ணீர் சூடாகும்போது ஏறி, இரவில் இறங்குவதை உண்மையான உச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். டேங்க் வெப்பநிலையிலேயே கேலிபரேட் செய்யுங்கள். சில மாதங்களில் முனையை மாற்ற வேண்டிவரும், அதைப் பட்ஜெட்டில் வையுங்கள். ஹூட் என்றால், காற்று வேகம் குறைவாக இருக்கும்போது ஓரம் நீரிலிருந்து எழும்பி வெளிக்காற்று கலக்கிறதா என்று பாருங்கள். மிக்சர் மட்டும் ஓடும் அனாக்சிக் மேல் ஹூட் வைத்து வாயுவே இல்லை என்று எழுதுவதில் அர்த்தமில்லை. காற்றடிக்காத இடத்திலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும், கரைந்ததை அளக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய நகரக் கழிவுநீர் ஆணைப்படி, 10,000 பேருக்குச் சமமான சுமைக்கு மேல் உள்ள நிலையங்கள் நைட்ரஸ் ஆக்சைடையும் கண்காணிக்க வேண்டும். அங்கே கருவி விலை குறையும் என்று எதிர்பார்க்கலாம்.

அறிகுறி: வாயு அறவே இல்லை

சந்தோஷப்படுமுன் வெளிநீரின் அம்மோனியாவைப் பாருங்கள். 25, 30 மி.கி. என்று உள்ளே வந்தது அப்படியே வெளியே போகிறது என்றால், நிலையம் நைட்ரிஃபிகேஷனே (அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவதே) செய்யவில்லை; அதனால் வாயுவும் இல்லை. அந்த நைட்ரஜன் ஆற்றில் போய் அதே வேலையைச் செய்யும். ஐ.பி.சி.சி. வழிகாட்டி, வெளியே விடும் நைட்ரஜனில் சாதாரண நீர்நிலைக்கு 0.5 சதவீதம் என்கிறது. சத்து மிகுந்து ஆக்சிஜன் செத்துப்போன நீர்நிலைக்கு 1.9 சதவீதம். கூவம் போன்ற ஆற்றில் விடுகிறீர்கள் என்றால் இரண்டாவது எண்தான் உங்களுக்கு; நிலையத்துக்குள் சராசரியாக வரும் 1.6ஐவிட அது அதிகம். இங்கே முதல் வேலை ஸ்லட்ஜ் ஏஜையும் காற்றையும் ஏற்றி நைட்ரிஃபிகேஷனைக் கொண்டுவருவது. அது வரும் வாரங்களில் நைட்ரைட் ஏறும், வாயுவும் ஏறும். மேலே உள்ள அறிகுறிகளை அப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள்.